சம்பளப் பேச்சும் ஆட்டக் கணிதமும்

பிறர் என்ன செய்வார் என்பதை அவர் செய்யுமுன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் அவா மனிதனுக்கு என்றும் உண்டு. மக்கள் சோதிடரை நாடியதும், மன்னர் ஒற்றரை வைத்ததும் இதன் பொருட்டே. இக்கால அறிஞர் கணிதத்தை நாடுகின்றனர். பலர் தத்தம் நலங்கருதி முடிவு செய்யுமிடத்து விளைவு யாதாகும் என ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. ஜோன் வொன் நியூமன், ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்ன் ஆகிய இருவரும் 1944 இல் வெளியிட்ட பெருநூலால் இது தனித்துறையாயிற்று. 1950 இல் பேரத்தைப் பற்றிச் சிறியதொரு கட்டுரை வரைந்த ஜோன் நாஷ், 1994 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இக்கணிதம் நமது மலைநாட்டுச் சம்பளப் பேச்சின் முடிவை முன்கூட்டி உரைக்க வல்லதா? எதனைப் பார்க்க வேண்டும் என்பதை அது நன்கு காட்டும். என்ன நடக்கும் என்பதை அது ஒன்றே சொல்லிவிடாது என்பது என் கருத்து.

கோட்பாட்டின் சாரம் எளியது. பேச்சு முறிந்தால் ஒவ்வொரு தரப்பின் கையிலும் என்ன எஞ்சும் என்பதே பங்கீட்டைத் தீர்மானிக்கும் என்றார் நாஷ். காத்திருக்க இயலாதவன் குறைவாகப் பெறுவான் என்பதை 1982 இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் நிறுவினார். இவை நமக்கு முற்றும் புதியன அல்ல. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்திருப்பதை நம் மாணவர் அறிவர்.

பொகவந்தலாவையை எடுத்துக்கொள்வோம். கெசல்கமு ஓயா பாயும் அப்பள்ளத்தாக்கில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நிலை யாது? பெரட்டுக்குப் போகாத நாளுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் சம்பளம் இல்லை. குடியிருக்கும் லயமோ தோட்டத்துக்குரியது. வேலைநிறுத்தம் இரண்டாம் வாரத்தைத் தொடுமுன்னரே கடைக்கணக்கு ஏறிவிடும். கம்பனியும் நெடுநாள் காத்திருக்க இயலாது. உரிய சுற்றில் எடாத கொழுந்து முற்றிவிடும். எனினும் பல தோட்டங்களும் வங்கிக் கடனும் உடைய ஒரு நிறுவனம் தாங்கக்கூடிய நாட்களை, அரிசிப் பானையை நாள்தோறும் பார்க்கும் குடும்பம் தாங்காது.

இனி, நடந்ததைக் காண்போம். 2016 ஒக்டோபரில் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30 ஆகியன சேர, நாளொன்றுக்கு 730 ரூபாய் பெற வழி இருந்தது. 2018 இல் அது காலாவதியானபோது, அடிப்படைச் சம்பளமே 1000 ரூபாய் வேண்டும் என மலைநாடு முழுவதும் குரல் எழுந்தது. டிசம்பரில் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. 2019 ஜனவரி 28 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடிப்படைச் சம்பளம் 700, விலைப் பங்கு 50. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீங்கின. 500 எழுநூறாயிற்று என ஒரு தரப்பு மகிழலாம். 730 எழுநூற்றைம்பதாயிற்று, உயர்வு 20 ரூபாயே என மறு தரப்பு வருந்தலாம். இரண்டும் உண்மையே. எவர் காத்திருக்க இயலாதவரோ அவர் குறைவாகப் பெற்றார் என்ற அளவில் கணிதம் பொய்க்கவில்லை.

ஆயின், மேசையில் இருவரே அமர்ந்திருக்கவில்லை. மூன்றாமவராக அரசும் இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 900 ரூபாயும் 100 ரூபாய்க் கொடுப்பனவும் சேர்ந்து 1000 ரூபாய் வர்த்தமானியில் வெளிவந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. நாட்பெயருக்குரிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் குறை கூறின. கையொப்பத்துடன் ஆட்டம் முடிவதில்லை. அடுத்த காய் உடனே நகர்கின்றது. 2024 மே தினத்தில் 1700 ரூபாய் என அறிவிக்கப்பட்டது, வழக்குகள் எழுந்தன, அவ்வாண்டு செப்டம்பரில் 1350 ரூபாயே நிலைத்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டமோ 1550 ரூபாய்ச் சம்பளத்துடன், அரசே 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகை தரும் என முன்மொழிந்தது. நடுவராக இருந்தவர் தாமே ஒரு பங்கைச் செலுத்துவார் என்பதை 2018 இல் எந்தச் சமன்பாடு சொல்லியிருக்கும்?

இவ்வையத்தை முறைப்படி சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உளர். நியூசிலாந்தைச் சேர்ந்த கெஸ்டன் கிறீன் என்பார், சம்பளப் பிணக்கு உள்ளிட்ட ஆறு பிணக்குகளைத் தெரிந்து, அவற்றின் முடிவை ஊகிக்குமாறு 21 ஆட்டக் கோட்பாட்டு அறிஞரைக் கேட்டார். 2002 இல் வெளியான பெறுபேறு இது: அறிஞரின் ஊகங்களில் நூற்றுக்கு 37 சரியாயின. சாதாரணமாக ஊகித்தவர்க்கு 28. ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்பின் பாத்திரத்தைக் கொடுத்து, அவர்களையே எதிரெதிர் அமர்ந்து பேசி முடிக்கச் செய்தபோது 64 சரியாயின!

காரணம் எளிதில் விளங்கும். தனியே இருந்து கணிப்பவர் நலத்தை எண்ணுகின்றார்; ஆசனத்தில் அமர்ந்தவரோ அவமதிப்பையும் உணர்கின்றார். 1982 இல் ஜெர்மனியில் கூத் முதலியோர் நடத்திய சோதனையில், ஒருவர் பணத்தைப் பங்கிட, மற்றவர் அதனை ஏற்கலாம். மறுத்தால் இருவர்க்கும் ஒன்றுமில்லை. கிடைத்தது இலாபம் என்று கொள்ளாது, அற்பப் பங்கைத் தள்ளி வெறுங்கையுடன் எழுந்தோர் பலர். நியாயமற்றது என்று கண்டதை நட்டம் ஏற்றும் மறுப்பது மனித இயல்பு. தோட்டத் துரைக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் இவ்வியல்பு பொது.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். நமது விவாத மன்றங்களில் மாணவன் தன் கட்சியை வென்று நிறுத்தப் பழகுகின்றான். எதிர்க்கட்சியின் ஆசனத்தில் அமர்ந்து பழகுவதில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் ஒரு சம்பளப் பேச்சை மன்றத்தில் நடத்துவோமாக. தோட்டத்துப் பிள்ளை கம்பனியின் கணக்கேட்டுடன் அமரட்டும். உத்தியோகத்தர் மகன் அரைப்பெயர் போடப்பட்ட தாயின் குரலில் பேசட்டும். பழைய மாணவருள் தோட்ட நிருவாகம், தொழிற்சங்கம், சட்டம் ஆகிய துறைகளை அறிந்தோர் உடனிருந்து வழிகாட்டலாம். இவ்வாறு பழகிய மாணவருள் சிலர் நாளை மெய்யான மேசையில் அமர்வர்.

கணிதம் தரும் பாடத்தையும் மறத்தல் ஆகாது. பேச்சு முறிந்தால் கையில் என்ன எஞ்சும் என்பதே வலி எனின், மேசையில் எழுப்பும் குரலால் மட்டும் அவ்வலி பெருகாது. சொந்தமாக ஒரு துண்டு நிலமும், அதன்மேல் ஒரு வீடும், கற்றுத் தேறிய ஒரு பிள்ளையும் உடைய குடும்பம் பேச்சுக்கு வருமுன்னரே வலிமை பெற்றுவிடுகின்றது. அவற்றுள் மூன்றாவதைத் தரவல்லது கல்விக்கூடம். நூறு வர்த்தமானிகளினும் அது நீடித்த பயன் தரும் என நம்புகின்றேன்.