நஞ்சுக்கு நேர்த்தி என்று பெயர்

பூச்சிக்கொல்லியால் உழவரோ கூலித்தொழிலாளரோ பாதிக்கப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் ஒரே விளக்கம் ஓதப்படுகிறது: “விழிப்புணர்வு இல்லை, உறையில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.” படிக்கவேண்டியவர்மீது பழியைப் போட்டுவிட்டால் எழுதியவரை எவரும் கேள்வி கேட்கமாட்டார். மொழியியல் மாணவன் என்ற முறையில் நான் எழுதியவரைத்தான் கேட்க விரும்புகிறேன். மக்காச்சோள விதையை எடுத்துக்கொள்வோம்.

சாயமேறிய வண்ணத்தில் உறைக்குள் வரும் வீரிய ஒட்டு விதையின்மேல் பூஞ்சைக்கொல்லி இருக்கலாம், பூச்சிக்கொல்லி இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். 2018இல் கருநாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் படைப்புழு கண்டறியப்பட்ட பின், சயன்ட்ரானிலிப்ரோலும் தயாமீதாக்சாமும் கலந்த பூச்சு மக்காச்சோளத்துக்கான பரிந்துரைகளில் இடம்பெற்றது. நஞ்சு வேர்வழியே இளம்பயிருக்குள் ஏறுகிறது. இலையைக் கடிக்கும் புழு சாகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இக்காப்பு உண்டு. அதன்பின் குருத்தைப் பிரித்துப் புழுவைத் தேடும் வேலை உழவருடையதே. இதனால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. படைப்புழு அரித்த வயலைக் கண்டவர் எவரும் அப்படிப் பேசத் துணியார். என் வழக்கு அந்தப் பூச்சுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயரோடு.

தமிழில் அது ‘விதை நேர்த்தி’. இந்தியில் ‘பீஜ் உப்சார்’, கன்னடத்தில் ‘பீஜோபசார’. உபசாரமாம்! தெலுங்கில் ‘வித்தன சுத்தி’, அதாவது விதையைத் தூய்மை செய்தல். பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வேதிப்பொருளை விதைமேல் பூசும் செயலுக்கு அழகு, பணிவிடை, தூய்மை என்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றுள் ஒன்றிலேனும் நஞ்சின் வாடை உண்டா? பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்றழைக்கும் மக்கள் நாம். ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்ற தொடர் நம் ஊர்களில் எதைக் குறிக்கும் என்று யாருக்கும் உரையெழுத வேண்டியதில்லை.

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. விதையோடு அசோஸ்பைரில்லம் கலப்பதும் விதை நேர்த்தி, டிரைக்கோடெர்மா கலப்பதும் விதை நேர்த்தி, தயாமீதாக்சாம் பூசுவதும் விதை நேர்த்தி. கைக்கு இதமான நுண்ணுயிரையும், கையுறையின்றித் தொடத் தகாத வேதிப்பொருளையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, வெறுங்கையால் விதை ஊன்றும் பெண்ணிடம் விழிப்புணர்வை எதிர்பார்க்கிறோம். கலைச்சொல்லாக்கம் குறித்து நம் துறைகள் நடத்தாத பயிலரங்கம் இல்லை. இச்சொல்லை அவற்றுள் எத்தனை தொட்டன?

சட்டத்துக்கு இது தெரியாததன்று. 1968ஆம் ஆண்டின் விதை விதிகள், பூச்சிட்ட விதையின் உறையில் பூசிய பொருளின் பெயரைக் குறிக்கவேண்டும் என்கின்றன. அது மனிதருக்கோ கால்நடைக்கோ தீங்கானதாயின் உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாதென்ற எச்சரிக்கையையும் கோருகின்றன. ‘நஞ்சு’ என்ற சொல்லைச் சிவப்பில் பொறிக்கும் கட்டாயமோ பாதரசச் சேர்மங்களுக்கும் அவற்றையொத்த கொடிய நஞ்சுகளுக்கும் மட்டுமே. மற்றவையெல்லாம் நேர்த்தி!

உறையின் மொழி என்ன செய்யும் என்பதற்கு ஈராக் சான்று. 1971-72இல் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்புக்கென அந்நாட்டு உழவர்களுக்கு வழங்கப்பட்டன. மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். விதைமேல் சாயமும் இருந்தது. அதைக் கழுவியதும் நஞ்சும் போயிற்றென்று நம்பி மக்கள் மாவரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர், அங்கே இறந்தோர் 459 பேர் என்பது பதிவான கணக்கு. இன்றைய மக்காச்சோளப் பூச்சு அந்தப் பாதரசம் அன்று. இரண்டையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. ஆனால் சாயத்தையும் படிக்கவியலாத எழுத்தையும் நம்பி நஞ்சை அனுப்பும் முறை ஒன்றே.

‘பெயரை மாற்றினால் உழவர் அஞ்சுவார்’ என்று வேளாண் துறை நண்பர்கள் சொல்லக்கூடும். அஞ்சட்டுமே. சேதம் பொருளாதார வரம்பைத் தொட்டபின் நஞ்சைக் கையிலெடு என்பது அவர்களே வகுப்பறையில் கற்பிக்கும் பாடம். பூசிய விதையிலோ அந்துப்பூச்சி முட்டையிடும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது, அதுவும் உறை தைக்கப்படும் இடத்தில். பூசியதில் பயிர் உறிஞ்சுவது சிறுபகுதியே. பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடுகிறது. தேனீக்களை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தயாமீதாக்சாமைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. இவற்றையெல்லாம் அறிந்தபின்னும் பூசிய விதையே வேண்டுமென்று ஒருவர் வாங்கினால் அது அவர் உரிமை. பூசாத விதையும் அதே கடையில் கிடைக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

பெயருக்கு என் முன்மொழிவு: ‘பூச்சிக்கொல்லி பூசிய விதை’. நுண்ணுயிர் கலப்புக்கு ‘நேர்த்தி’ இருந்துவிட்டுப் போகட்டும்.

மக்காச்சோள விதை உறைகளைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். எம்மொழியில், எவ்வளவு சிறிய எழுத்தில், உறையின் எந்த மூலையில் எச்சரிக்கை இருக்கிறது என்று பதிந்துவருகிறேன். உங்கள் பகுதியில் விற்கும் உறையின் இரு பக்கப் படங்களையும் ஊர்ப்பெயரோடு பின்னூட்டத்தில் இடுங்கள்.