'இன்டர்நேஷனல்' பலகையும் நம் பிளஸ் டூ சான்றும்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. உப்பளத் தொழிலாளர் வீடுகளிலும் அந்தப் பெயர் இப்போது பேச்சில் அடிபடுகிறது. அங்கே படித்தால்தான் பெரிய காலேஜில் இடம் கிடைக்கும் என்று நம்பி, வட்டிக்குக் கடன் வாங்கியாவது ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தவிப்பில் குறை காண ஒன்றுமில்லை. வெயிலில் உப்பு வாரிக் கால் வெடித்தவர், தன் பிள்ளை அந்தப் பாத்தியில் இறங்கக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் சில கணக்குகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பெயர். இப்படிப் பலகை வைத்திருக்கும் பள்ளிகள் பலவற்றில் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான். உண்மையான வெளிநாட்டுச் சான்றிதழ் வேறு. ஜெனீவாவில் 1968-ல் தொடங்கிய ஐ.பி. டிப்ளமா, பிரிட்டனின் ஏ-லெவல், பிரான்சின் பக்கலோரியா ஆகியவை அந்த வகை. அவையும் நமக்குத் தொலைவில் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கும் ஆரோவில்லில் ஏ-லெவல் தேர்வு எழுதும் பிள்ளைகள் உண்டு. புதுச்சேரியில் 1826 முதல் இயங்கிவரும் பிரெஞ்சுப் பள்ளியில் பக்கலோரியா எழுதுகிறார்கள்.

இந்தச் சான்றிதழ்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கையில் நம் பிள்ளைகளை முந்துமா? முந்தாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐ.பி. டிப்ளமாவைப் பிளஸ் டூவுக்குச் சமம் என்றுதான் ஏற்கிறது. மேலானது என்று சொல்லவில்லை. நுழைவுத் தேர்வு ஒழிந்த பிறகு பொறியியல் சேர்க்கை கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து 200-க்குப் போடும் கட்-ஆஃப்பில் நடக்கிறது. வேறு வாரியத்தில் படித்தவரின் மதிப்பெண்ணை மாநில வாரிய மதிப்பெண்ணோடு சமன்படுத்தித்தான் தரவரிசை தயாராகிறது. போதாக்குறைக்கு, நம் பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும், ஐ.பி. முடிவு ஜூலையில், ஏ-லெவல் முடிவு ஆகஸ்டில். இங்கே சேர வேண்டுமானால் அவர்கள்தான் சமநிலைச் சான்றுக்கு அலைய வேண்டும்.

மருத்துவத்தில் எந்தச் சான்றிதழாக இருந்தாலும் நீட் மதிப்பெண்தான் இடத்தை முடிவுசெய்கிறது. 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017-ல் நாம் இழந்தது அதனால்தான். பக்கத்தில் காலாப்பட்டில் இருக்கும் புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் க்யூட் தேர்வு வந்துவிட்டது. தமிழிலும் எழுதலாம், உண்மை. ஆனால் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை என்பதால் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குத்தான் அது பழகிய களம்.

இனி, பலகையைப் பார்த்து ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றினால் எதை இழக்கிறோம்? இதை யாரும் நம் தெருவுக்கு வந்து சொல்வதில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இந்தக் கணக்கில் வரும். தனியார் பள்ளி வராது, அரசு உதவிபெறும் பள்ளியும் வராது. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தோடு இதுவும் சேரும்போது, உப்பளத்து வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும் பிளஸ் டூ சான்றுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டவை. காசு கொடுத்து இதையெல்லாம் விட்டுவிட்டு வருவதற்குப் பெயர் முன்னேற்றமா?

அப்படியானால் அந்த வெளிநாட்டு டிப்ளமாவால் யாருக்கு என்ன லாபம்? வெளிநாடு போகிறவருக்கு நிறைய லாபம். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் இந்தியப் பிளஸ் டூவை மட்டும் காட்டி இளநிலைப் படிப்பில் நேராகச் சேர முடியாது. இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டு தேறியிருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, அல்லது அங்கேயே ஓராண்டு முன்தயாரிப்புப் படிப்பு. ஐ.பி. டிப்ளமாவை உரிய பாடங்களோடு முடித்தவர் நேராகவே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஐ.பி. உயர்நிலைப் பாட மதிப்பெண்ணுக்கு முதலாண்டுப் பாடங்களில் சிலவற்றைக் கழித்துக்கொள்கிறார்கள். நம் மாநில வாரியச் சான்றையும் அமெரிக்காவில் ஏற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கூடவே ஆசிரியர் பரிந்துரைக் கடிதம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், மாணவர் எழுதும் கட்டுரை, ஆங்கிலத் தேர்வு என்று கேட்கிறார்கள். ஐ.பி. பள்ளியில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். நம் பள்ளியில் தலைமையாசிரியர் சத்துணவுக் கணக்கையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்க வேண்டும்.

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் கையில் இருந்தது பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம்தான். அவரைக் கப்பலேற்றியது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை.

உதவித்தொகை இப்போதும் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் 125 பேருக்கு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் இரண்டும் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும். பதினெட்டு வயதில் வெளிநாட்டில் இளநிலை படிக்கப் போகும் வாசல், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டி ஐ.பி. படித்தவருக்குத்தான் திறந்திருக்கிறது. ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்றாலும் மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ வங்கியில் காட்டச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் பாத்தி மூழ்கி வேலை நின்றுபோகும் வீட்டில் அதை யார் காட்டுவது? பிரான்ஸ் அரசு, புதுச்சேரிப் பள்ளியில் படிக்கும் தன் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறது. கடல் கடந்த ஓர் அரசால் முடிவது, சென்னையில் இருக்கும் அரசால் முடியாதா?

முடியும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. அரசு மாதிரிப் பள்ளி மாணவர்கள் சிலர், இதே மாநில வாரியப் பிளஸ் டூவை வைத்துத் தைவான் பல்கலைக்கழகங்களில் முழு உதவித்தொகையோடு சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் போடச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அந்த ஆளை மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளியோடு நிறுத்தாமல், மரக்காணம் போன்ற ஒன்றியங்களின் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். அம்பேத்கர் பெயரிலான உதவித்தொகையில் இளநிலைக்கும் சில இடங்களாவது ஒதுக்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகவும், ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் நாம் வைக்க வேண்டியவை இவை இரண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பிள்ளை படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கி, சாதிச் சான்றோடு சேர்த்து வையுங்கள். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் 7.5 சதவீதத்தில் இடம் கேட்க முடியாது.