ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் வருகிறார்கள்?

2025 ஜூன் மாதம் மும்பையில் நடந்த விழாவில் ஐந்து வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு இங்கே வளாகம் தொடங்குவதற்கான விருப்பக் கடிதங்கள் வழங்கப்பட்டன: அபர்டீன், யார்க், வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள், இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனம், இத்தாலியின் ஐ.இ.டி. வடிவமைப்புக் கல்லூரி. நவி மும்பை சர்வதேசக் கல்வி நகரமாகப் போகிறது என்ற பேச்சு சூடுபிடித்திருக்கிறது. வரட்டும். ஆனால் கிளை திறப்பது வேறு, கூட்டாக வேலை செய்வது வேறு. கிளைக்குப் பாடத்திட்டம் அங்கிருந்து வரும், கட்டணம் இங்கிருந்து கட்டப்படும். கூட்டு என்றால் இரு பக்கமும் ஆட்கள் போய்வர வேண்டும். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் இரு பக்கத்துக்கும் குரல் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கூட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க மாட்டுங்கா வரை போனால் போதும். கால்சா கல்லூரி இருக்கும் அதே சாலையில் இருக்கிறது ஐ.சி.டி. எனப்படும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம்; பழைய ஆட்களுக்கு இன்றும் அது யு.டி.சி.டி.தான். துணி ஆலைகள் நகரத்தை ஆண்ட காலத்தில், 1933இல், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. 1938இல் அதன் முதல் இந்தியத் தலைவராக வந்தவர் சென்னையில் பிறந்த கே.வெங்கடராமன். மான்செஸ்டரில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் பயின்றவர். அங்கே கற்ற கரிம வேதியியலைப் பம்பாய் ஆலைகளுக்குத் தேவைப்பட்ட சாயங்களின் மீது திருப்பினார். செயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1952இல் நியூயார்க்கில் வெளியானது. அந்தத் துறையினர் உலகெங்கும் அதைப் புரட்டினார்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்து 1964இல் அதே வளாகத்துக்குத் திரும்பிய எம்.எம்.சர்மா, 1990இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இடம்பெற்றார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்திய வேதிப் பொறியாளர் அவர்.

இதற்கெல்லாம் அடித்தளம் ஆசிரியர்–மாணவர் உறவும், உள்ளூரில் பதில் காண வேண்டிய ஒரு கேள்வியும்தான். ஆனால் தனிமனிதர்களை மட்டும் நம்பியிருக்கும் உறவு அவர்கள் ஓய்வு பெற்றதும் தேய்ந்துவிடும். நிறுவனமாகக் கைகோக்க வேண்டிய தேவை அங்கேதான் வருகிறது. யுனெஸ்கோ வழியாகச் சோவியத் உதவியுடன் 1958இல் தொடங்கிய மும்பை ஐ.ஐ.டி.க்கு அந்தத் திட்டத்தில் 59 சோவியத் வல்லுநர்களும் 14 தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்தார்கள். இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போக 27 உதவித்தொகைகள் தரப்பட்டன. பணியாளர்களையும் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தை அனுப்பினால் போதாது, அதை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது. 2008இல் அந்த ஐ.ஐ.டி.யின் போவாய் வளாகத்தில் தொடங்கிய ஐ.ஐ.டி.–மோனாஷ் ஆய்வுக் கழகமும் ஏறத்தாழ அதே வழிதான்: ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு இரு நாட்டிலும் நெறியாளர்கள், ஆய்வுக் காலத்தில் ஒரு பகுதி மோனாஷ் பல்கலைக்கழகம் இருக்கும் மெல்பர்னில்.

இன்று வேகம் வேறு திசையில். யு.ஜி.சி. 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, இந்திய, வெளிநாட்டு நிறுவனங்கள் சேர்ந்து கூட்டுப் பட்டமும் இரட்டைப் பட்டமும் வழங்கலாம். வெளிநாட்டு நிறுவனம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். இந்திய நிறுவனத்துக்கு நாக் தர மதிப்பீட்டில் குறைந்தது 3.01 மதிப்பெண், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு. தானே பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாத இணைப்புக் கல்லூரி, தாய்ப் பல்கலைக்கழகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கிடையே கியூ.எஸ். தரவரிசை 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ‘சர்வதேச ஆய்வு வலைப்பின்னல்’ என்ற அளவுகோலுக்கு 5 சதவீதம் ஒதுக்கிவிட்டது. கூட்டுச் சேர்வதற்கே மதிப்பெண்! உறவு பலன் தந்ததா என்று கேட்பதற்கு முன்பே உறவு வைத்திருப்பது லாபமாகிவிட்டது. புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் ஏன் இப்படிக் குவிகின்றன என்று யாரும் வியக்க வேண்டியதில்லை.

கேள்வி யாருடையது என்பதில் செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் கதை சுவையானது. 1936இல் அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்கர். 1941இல் அவருக்குப் பின் வந்தவர் ஜே.எம்.குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பாவின் சகோதரர். தனிமனிதரை ஆற்றுப்படுத்தும் அமெரிக்கச் சமூகப்பணி முறை, சாதியும் வறுமையும் அழுத்தும் இந்தியச் சேரிக்குப் பொருந்துமா என்று நம் சமூகப்பணித் துறை பல பத்தாண்டுகள் சண்டையிட்டது. அது பயனுள்ள சண்டை. வாங்கியதை அப்படியே விழுங்காமல் திருப்பிக் கேட்டதற்கு அடையாளம்.

தாராவியில் அந்தத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு குறைவு. ஸ்டாக்ஹோம் நுண்கலைக் கல்லூரி 2008இல் தாராவியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு 2009இல் தன் முதுநிலை மாணவர்களை இங்கே களப்பணிக்கு அழைத்துவந்தது. இந்த வேலைகளைக் குறை சொல்லவில்லை. அரசின் மறுசீரமைப்புத் திட்டங்களைக் கேள்வி கேட்க அவை உதவின. ஆனால் 90 அடிச் சாலைத் தமிழர் ஒருவர் தன் வீட்டின் நீள அகலத்தையும் தண்ணீர் வரும் நேரத்தையும் பொறுமையாகச் சொல்கிறாரே, அந்த அறிக்கை தமிழிலோ மராத்தியிலோ அவர் வாசலுக்கு எத்தனை முறை திரும்பி வந்தது? பேச்சை மொழிபெயர்த்துக் கொடுத்த உள்ளூர்க் கல்லூரிப் பையனுக்கு என்ன கிடைத்தது? அதிகம் போனால் ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம்.

வேறு மாதிரியும் செய்யலாம். கிழக்குக் கடலோரத்தில் தமிழர்கள் முதலில் குடியேறிய கௌலா பந்தரில், மும்பையின் ‘புகார்’ அமைப்பும் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். சேரி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆய்வாளர்களாக்குவது புகாரின் வழக்கம். 2013இல் வெளியான அவர்களின் தண்ணீர் ஆய்வு, மாநகராட்சி அப்போது ஆயிரம் லிட்டருக்கு வாங்கிய 2.25 ரூபாயைவிட 52 முதல் 206 மடங்கு வரை அந்த மக்கள் செலவிட்டதைக் காட்டியது. குழாய் யாருடையது, மோட்டார் யாருடையது, கோடையில் எத்தனை குடம் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் கூட இருந்தால்தான் அப்படி ஒரு கணக்கு கையில் வரும்.

தேசியக் கல்விக் கொள்கைப்படி மகாராஷ்டிரக் கல்லூரிகளில் களப்பணிக்கும் சமூக ஈடுபாட்டுக்கும் கிரெடிட் ஏற்கெனவே உண்டு. சயானிலும் மாட்டுங்காவிலும் படிக்கும் தாராவிப் பிள்ளைகள் பலர். வெளிநாட்டு மாணவரோடு சேர்ந்து அதே தெருவில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதே கிரெடிட், கட்டுரையில் பெயர், ஒரு பருவமாவது அந்த வளாகத்துக்குப் போய்வரச் செலவு: இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி மும்பைப் பல்கலைக்கழகம் கேட்கலாம். கேட்டதும் எந்த நிறுவனம் பேனாவை மூடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.