கத்திக்கு நாள் குறிச்சாச்சா?

உங்க சொந்தத்துல கடைசியா ஒரு பாப்பா பிறந்த சேதி வந்ததும் என்ன கேட்டீங்க? 'பையனா, பொண்ணா?' அடுத்த கேள்வி, 'நார்மலா, சிசேரியனா?' சரிதானே!

தமிழ்நாட்டுல இந்த ரெண்டாவது கேள்விக்கு டாஸ் போட்டே பதில் சொல்லிடலாம் போல. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 2015-16-ல் இங்கே நூறு பிரசவத்துக்கு 34 சிசேரியன். 2019-21 கணக்கெடுப்புல அது 45! இந்திய அளவுல 2005-06-ல் 8.5 சதவிகிதமா இருந்தது, 2019-21-ல் 21.5 ஆகிடுச்சு.

அதுக்குள்ள அம்மாக்களோட உடம்பு மாறிடுச்சா என்ன? கொஞ்சம் மாறியிருக்கு. லேட் கல்யாணம், சர்க்கரை, பி.பி., உடல் பருமன்... எல்லாமே நிஜமான காரணங்கள்தான். முதல் குழந்தை சிசேரியன்னா, அடுத்ததும் பெரும்பாலும் அதே. வட்டிக்கு வட்டி மாதிரி எண்ணிக்கை ஏறும்.

ஆனா, இன்ஜினீயரிங் மூளைக்கு இடிக்கிற டேட்டா ஒண்ணு இருக்கு. அதே 2019-21-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல 36 சதவிகிதம், தனியார்ல 64. இத்தனைக்கும் சிக்கலான கேஸ்கள் கடைசியில ஜி.ஹெச். வாசலுக்குத்தான் வருது. பக்கத்துல தெலங்கானாவுல தனியார் கணக்கு 81.5! ஒரே ஊர்ப் பெண்கள், கட்டடம் மட்டும் வேற. அப்போ காரணம் உடம்புல மட்டும் இல்லைதானே?

வலி எடுத்து, குழந்தை வெளியே வர ஒரு பகல், ஒரு ராத்திரிகூட ஆகலாம். ஆபரேஷன் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், பில்லும் பெருசு. 'காத்திருந்து ஏதாவது ஆச்சுன்னா கேஸ் போட்டுடுவாங்க' என்கிற பயம் டாக்டருக்கு. வலி மேல பயம் பொண்ணுக்கு. அதைக் குறைக்கிற எபிட்யூரல் ஊசி எல்லா ஊர்லயும் கிடைக்காது. நம்ம பெரியவங்க சும்மா இருப்பாங்களா? பஞ்சாங்கத்தைத் தூக்கிட்டு வந்து, 'புதன்கிழமை காலையில எடுத்துடுங்க டாக்டர்'னு நாள் குறிச்சுக் கொடுக்குறாங்க!

உடனே சிசேரியனை வில்லன் ஆக்கிடாதீங்க பாஸ். பீகார் அரசு மருத்துவமனைகள்ல 2019-21-ல் வெறும் 3.6 சதவிகிதம். இதைப் பார்த்துக் கைதட்ட முடியாது. ஆபரேஷன் தேவைப்பட்ட பலருக்கு அது கிடைக்கலைன்னுதான் இதைப் படிக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதும் இந்த ரெண்டு பக்கத்தையும்தான்: ஒரு நாட்டுல சிசேரியன் 10 சதவிகிதத்தைத் தாண்டிப் போறதால தாய், சேய் மரணம் மேலும் குறையறதாத் தெரியலை, ஆனா தேவைப்படுற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைச்சே ஆகணும்.

இன்னும் சில வருஷத்துல அந்த லேபர் வார்டு வராண்டாவுல அண்ணனா, கணவனா நீங்க நிப்பீங்க. இல்லேன்னா, உள்ளே படுத்திருக்கிறதே நீங்களா இருக்கலாம். எட்டாம் மாசமே டாக்டர்கிட்ட கேட்டு வைங்க. 'முதல் பிரசவத்துல இங்கே எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகுது? வலி குறைக்க என்ன வசதி இருக்கு?' அன்னிக்கு 'கொடி சுத்தியிருக்கு'ன்னு சொன்னா, பதறாம ஒண்ணு கேளுங்க: 'காத்திருந்தா என்ன ஆபத்து டாக்டர்?' கொடி சுத்தின பல குழந்தைகள் நார்மலாவே பிறந்திருக்காங்க. 'துடிப்பு குறையுது, இப்பவே எடுக்கணும்'னு பதில் வந்தா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கையெழுத்துப் போடுங்க.

பஞ்சாங்கத்தை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க!