இலைக்கு முன்னால் என்ன வேஷம்?

உல்லாசக் கப்பலில் ஏறப் போகிறவர்களை இப்போது ஒரு புதுக் கவலை பிடித்திருக்கிறது. புயலைப் பற்றிய கவலையல்ல, இராச் சாப்பாட்டைப் பற்றிய கவலை. அதிலும் இலையில் என்ன போடுவார்கள் என்பதல்ல. சாப்பிடப் போகும்போது, தாங்கள் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பது! 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்படத் தொடங்கியது. கவலையும் மலை ஓரமாக நடந்து கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஏலக்காய் விற்ற பணத்தில் சீட்டு வாங்கிய ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏண்ணே, வேட்டியோட போனா உள்ளே விடுவானா? இல்லே, ஒரு கோட்டுத் தைக்கக் குடுத்துரவா?"

கேள்வி சின்னது, அதற்குள் இருக்கும் பயம் சின்னதல்ல. காசு கொடுத்துச் சாப்பிடப் போகிற மனிதன் வாசலில் நிற்கிறவனுக்கு எதற்காகப் பயப்பட வேண்டும்?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்களை உள்ளே விடவில்லை. அவர் செய்த குற்றம், வேட்டி கட்டியிருந்தது. பிறருக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிக்கே வாயிற்காவலர் தீர்ப்புச் சொன்னார்! நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் செய்தது. வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டிப் பொது இடங்களில் நுழைய விடாமல் தடுத்தால், உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

"கிளப் என்பது சொந்த வீடு மாதிரி. வீட்டுக்காரன் விதிக்குக் கட்டுப்படுவதுதானே விருந்தாளிக்கு அழகு?" என்று சில கனவான்கள் அப்போது கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். நான் பதில் சொல்கிறேன். விருந்தாளியிடம் சுத்தத்தைக் கேட்க வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. வேஷத்தைக் கேட்க உரிமை கிடையாது. கால் கழுவி வா என்று சொல்லலாம். உன் அப்பனைப் போல வராதே, என் பழைய எஜமானனைப் போல வா என்று சொல்வது விருந்தோம்பல் ஆகுமா?

அந்த எஜமானனின் கோட்டுக்காவது பூர்விகப் பெருமை உண்டா என்றால், அதுவும் இல்லை. இன்று இராவிருந்துக்கு உரியதென்று பூஜிக்கப்படும் குட்டைக் கோட்டு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வால் வைத்த கோட்டின் தொல்லை பொறுக்காமல் சௌகரியத்துக்காக வந்த உடை. அன்றைக்கு அதுவே மரியாதைக் குறைவு! ஒரு தலைமுறையின் சோம்பல் அடுத்த தலைமுறைக்குச் சாஸ்திரமாகிவிட்டது.

மலைமேல் கோட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. போடிமெட்டு ஏறி மூணாற்றுக்குப் போனால் துரைமார்களின் பழைய கிளப் இருக்கிறது; அவர்களுடைய தொப்பிகள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. அந்தக் குளிரில் அவர்கள் கம்பளி போட்டார்கள், சரி. சேப்பாக்கத்து ஜூலை வெயிலுக்கு என்ன நியாயம்? கோட்டுப் போடுவதற்காகவே குளிரை யந்திரம் வைத்து விலைக்கு வாங்குகிறோம்.

இதே தேனி அன்று சேர்ந்திருந்த மதுரை ஜில்லாவின் தலைநகரில், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, காந்தி அரையாடைக்கு மாறினார். 1931-இல் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைக்கும் அதே கோலத்தில்தான் போனார். சக்கரவர்த்தியின் வாசலே திறந்தது. இன்றைக்கும் ஆங்கிலேயரின் விருந்து அழைப்புகளில் 'அல்லது தேசிய உடை' என்று ஒரு வரி போடுவது உண்டு. எஜமானன் விட்டுக்கொடுத்த பிறகும் அவனுடைய பழைய காவல்காரன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்!

எனவே கப்பலுக்குப் போகிறவர் சரிகைக் கரை வேட்டியைத் தாராளமாகக் கட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் அவரிடமும், உங்களிடமும் கேட்க எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் நடப்பது என்ன? கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைப்பட்டோம். அந்தக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிக்கிறவனுடைய கைலியில் நீலக் கறை ஏறியிருக்கிறது. துவைத்துத்தான் கட்டி வருகிறான். துணி சுத்தம், கறைதான் போகவில்லை. அவன் முதல் பந்தியில் உட்கார்ந்தால், சலவை வேட்டி ஒன்று வந்து குனிந்து, "அடுத்த பந்தியில உக்காந்துக்கப்பா" என்கிறது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவனும் மறு பேச்சில்லாமல் எழுந்து போகிறான். அதற்காக எந்தச் சட்டசபையும் கூடவில்லை. சட்டம் வேட்டியைப் பெயர் சொல்லிக் காக்கிறது. கைலியைப் பெயர் சொல்லவில்லை.

நம் மலைக்கு அந்தப் புறம் ஆண்ட திருவிதாங்கூரில், பெண்கள் மேலே ஒரு சீலை போட்டுக்கொள்வதற்கே பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசாங்கம் இறங்கி வந்தது. அங்கே விதி போட்டவர்கள் துரைமார்கள் அல்ல, நம்மவர்கள். உடையைப் பார்த்து இடம் போடும் வித்தையை நமக்கு இங்கிலீஷ்காரன் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிளப்பின் வாசலில் வேட்டிக்காகக் கொதித்தவர்களே, உங்கள் கோபம் நியாயமானது. அது சுயமரியாதைக்காக வந்த கோபம் என்றால், நீலக் கறை பட்ட கைலிக்காகவும் ஒரு முறை வரட்டும். வேட்டிக்கு மட்டும்தான் வரும் என்றால், அது சுயமரியாதை அல்ல. கோட்டுக்காரன் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லையே என்ற ஆத்திரம். அவ்வளவுதான்.