பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் இதை வாசியுங்கள்

 

உடப்புசல்லாவை உறவுகளே, பெற்றோரே, பழைய மாணவர்களே! கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளின் விஷயம்.

பாடசாலைக் கணினி அறையில் நாங்கள் லினக்ஸ் போட ஆரம்பித்ததில் இருந்து ஊரில் ஒரே பேச்சு. "பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள்." "உலகமே விண்டோஸில் இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் என்ன புதுசாக?" "காசு சேர்த்துப் புது மெஷின் வாங்கினால் முடிந்தது." பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டோம், பஸ் தரிப்பிடத்திலும் கேட்டோம். பதில் சொல்வது எங்கள் கடமை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள். அதுவும் 2026 ஒக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 போடலாமே என்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசெசராவது வேண்டும். 2017க்கு முந்திய மெஷின் பெரும்பாலும் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

மலையகப் பாடசாலைகளுக்கு எந்த வருஷத்து மெஷின் வந்து சேர்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் அறையில் மொனிட்டர் எரிகிறது, கீபோர்ட் அடிக்கிறது, ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது. பழுது ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒருவர் திகதி குறித்துவிட்டார் என்பதற்காக இதையெல்லாம் குப்பை என்று சொல்ல வேண்டுமாம். கொழுந்து கொடுக்கிற செடியைப் பிடுங்கி எறியச் சொன்னால் சும்மா இருப்பீர்களா?

"புதுசு வாங்கு" என்பது வாய்க்குச் சுலபம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் பறந்ததை எல்லோரும் பார்த்தோம். கணினியின் விலை டொலரோடு ஏறியது, நம் சம்பளம் ஏறவில்லை. 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்துக்கு 2024இல் எவ்வளவு இழுபறி நடந்தது! தோட்டத்து நாட்சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிற தாயிடம் போய் "கணினிக்குக் காசு தாருங்கள்" என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். நாட்டில் பல இடங்களில் "விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்றால் அது கள்ளப் பிரதி. இறைச்சிக் கடையில் ஹலாலா என்று கேட்கிற ஊரில், இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வகுப்பில் "களவு எடுக்காதே" என்று சொல்லிவிட்டு, களவெடுத்த மென்பொருளில் பாடம் நடத்துவது என்ன நியாயம்? அந்தப் பூட்டு உடைக்கிற கோப்போடு வைரஸும் சேர்ந்தே வரலாம். லினக்ஸை யாரும் எடுக்கலாம், பிரதி எடுத்து அயல் வீட்டுக்கும் கொடுக்கலாம். அதன் உரிமப் பத்திரமே அதற்கு அனுமதி தருகிறது.

இனி எதிர்க் கேள்விகளுக்கு வருவோம்.

"பரீட்சைக்கு என்ன செய்வீர்கள்?" சாதாரண தரத்தில் கேட்பது விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரியுமா என்பதை. கூட்டுத்தொகையும் சராசரியும் லிப்ரே ஒஃபிஸில் அதே சூத்திரம்தான். உயர்தரத்தில் பைதன். அது லினக்ஸில் தாராளமாக ஓடும்.

"பாமினி வேலை செய்யாதே?" பாமினி ஓர் எழுத்துரு. அந்தக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம். ஆனால் பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். யூனிகோடில் அடிக்கப் பழகினால் எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

"வேறு எங்கே இப்படிச் செய்கிறார்கள்?" கேரளாவில். அங்கே 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அரச பாடசாலைப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். அவர்கள் பின்தங்கிவிட்டார்களா? நம் நாட்டையே பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா' கட்டற்ற மென்பொருள்தான். பிறகு ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. உங்கள் கையில் இருக்கிற அன்ட்ரொயிட் ஃபோனின் அடித்தளமும் லினக்ஸ்தான்.

"மாறிப் போய்த் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். ஜேர்மனியின் மியூனிக் நகரசபை லினக்ஸுக்கு மாறி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதனால்தான் நாங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. சில அலுவலக மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும் ஓடும். அதற்கு உரிமத்தோடு ஒரு மெஷினை ஒதுக்கியிருக்கிறோம். மற்றவை மாணவர்களுக்கு.

"உலகமே அங்கே இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். இந்த மலைகள் ஒரு காலத்தில் கோப்பி மலைகள். 1869இல் இலை நோய் வந்தது, கோப்பி அழிந்தது. "எல்லோரும் கோப்பிதான் போடுகிறார்கள்" என்று துரைமார் குந்திக்கொண்டிருந்தால் இன்று இங்கே ஒரு தேயிலைச் செடி இருக்காது.

இன்னும் ஒன்று. தோட்டத்து மக்களின் முன்னோருக்குத் 'துண்டு' என்றால் என்னவென்று தெரியும். கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் தொழிலாளி இடம் மாறலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒரு கம்பனி சொல்கிற நேரத்தில், அது சொல்கிற மெஷினை வாங்கினால்தான் பிள்ளை படிக்கலாம் என்றால், அதுவும் ஒரு துண்டுதான். துன்பம் அவ்வளவு இல்லை என்பது உண்மை. ஆனால் கட்டிப்போடுகிற விதம் ஒன்றே. அதை எங்கள் பிள்ளைகளின் கையில் நாங்கள் கொடுக்கமாட்டோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய மெஷினை, லெப்டொப்பை பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நாங்கள் போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம். குறை சொல்பவர்கள் ஒரு நாள் கணினி அறைக்கு வந்து, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கொழும்பில் ஐ.டி. வேலை செய்கிற எங்கள் பழைய மாணவர்களே, லீவில் ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையை எங்களுக்குத் தாருங்கள்.

சேர்த்த காசு மிச்சமாக இருக்கிறது. அதில் ராமும் இரண்டு யூ.பி.எஸ்ஸும் வாங்குவோம் என்பது எங்கள் யோசனை. மாற்று யோசனை இருந்தால் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். சந்தியில் நின்று சொல்ல வேண்டாம்.