மாடிப் போர்ஷனுக்குத் தனி வாசல்

பி.காம். படித்தவனிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கு சரியாக இருக்கும், கம்ப்யூட்டர் இருக்காது.

திருச்சியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாதாமாதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அவர்களுடைய பழைய பில்லிங் புரோகிராம் விண்டோஸ் 7-ல் மட்டும்தான் ஓடும். அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. எனவே புதுக் கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் 7-ஐக் குடிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். மாடிப் போர்ஷனில் வாடகைக்கு ஆள் வைத்த மாதிரி.

19-ஆம் தேதி சாயங்காலம் முதலாளி, "ஸார், குடோன்லேர்ந்தும் ஸ்டாக் பார்க்கணுமே?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன். இந்த வார்த்தையை என் வாயிலிருந்து யாராவது பிடுங்கி எறிந்தால் தேவலை.

அதுவரை நெட்வொர்க் 'நாட்' முறையில் இருந்தது. அதாவது மாடிக்காரருக்குத் தனி வாசல் கிடையாது, வீட்டுக்காரர் வாசல் வழியாகத்தான் போகணும். வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் நேராக மாடி ஏற முடியாது. நான் அதை 'பிரிட்ஜ்டு' என்று மாற்றினேன். தனி வாசல், தனி டோர் நம்பர்: 192.168.1.5. குடோனில் அந்த நம்பரைப் போட்டேன். ஸ்டாக் வந்தது. முதலாளி பாதாம் பால் வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு போன். "ஸார், ரெண்டு சிஸ்டமும் அவுட்!"

அன்று 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், வட்டி தனி. ஓடினேன்.

முதலாளி பில் போடும் பையனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "என்னத்தடா அமுக்கின? கேம் கீம் ஆடினியா?" பையன் கண்ணில் தண்ணீர். நான்... சொல்ல வெட்கமாக இருக்கிறது... பேசாமல் கீபோர்டைப் பார்த்தேன்.

192.168.1.5-க்கு 'பிங்' போட்டேன். பதில் வந்தது! அப்படியென்றால் மாடிக்காரர் உயிரோடு இருக்கிறார். ஆனால் புரோகிராம் 'சர்வர் இல்லை' என்றது. பயத்தில், மூன்று வாரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று மவுஸைக் கொண்டுபோனேன்.

"ஸார், அது பண்ணினா இந்த மாச பில்லெல்லாம் இருக்குமா?" என்றான் பையன்.

கை நின்றது. ஸ்னாப்ஷாட் செட்டிங்கை மட்டும் அல்ல, டிஸ்க்கையும் அந்தத் தேதிக்கே கொண்டுபோய்விடும். மூன்று வார விற்பனை அம்பேல்!

நிதானமாக உட்கார்ந்தோம். மாடிக்காரர் வீட்டுக்குள்ளேயே போய் 'ஐபிகான்ஃபிக்' அடித்தால், டோர் நம்பர் 192.168.1.7. அப்போ 5-ல் இருப்பது யார்? பையனின் செல்போன்! ராத்திரி ரௌட்டரை அணைத்திருக்கிறார்கள். காலையில் அது புதிதாக நம்பர் வழங்க, முதலில் வந்த செல்போன் 5-ஐ வாங்கிக்கொண்டது. பிங்குக்கு பதில் சொன்னதும் அதுதான். பிங்குக்கு பதில் வந்தால் 'யாரோ இருக்கிறார்' என்று அர்த்தம். நம்ம ஆள்தான் என்று அர்த்தமில்லை.

முதலாளி சிஸ்டத்தின் கதை வேறு. அது 127.0.0.1 என்ற நம்பரில் தட்டிக்கொண்டிருந்தது. 'நாட்' இருந்தவரை, வீட்டுக்காரர் வாசலில் தட்டினால் மாடிக்கு அனுப்பிவைக்கும் 'போர்ட் ஃபார்வர்டிங்' ஏற்பாடு இருந்தது. தனி வாசல் வைத்த அன்றே அது செத்துப்போச்சு. முந்தின நாள் குடோனை மட்டும் சோதித்தேனே தவிர, பக்கத்திலிருந்த சிஸ்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு இடத்திலும் 7 என்று மாற்றினேன். ரௌட்டரில் அந்த நம்பரை மாடிக்காரருக்கே ரிசர்வ் செய்தேன். பதினோரு மணிக்கு பில் ஓடியது, மூன்று மணிக்கு ரிட்டர்ன் போனது.

நீங்களும் ஆபீஸில் இதைச் செய்வதானால்: மாற்றுவதற்கு முன் பழைய செட்டிங்கைப் பேப்பரில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் எல்லா சிஸ்டத்திலும் பாருங்கள். விண்டோஸ் 'பப்ளிக் நெட்வொர்க்கா?' என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். தனி வாசல் வைத்தால் திருடனுக்கும் அதுதான் வாசல் என்பதையும் மறக்காதீர்கள்.

கிளம்பும்போது முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தம்பி மேல தப்பில்லை ஸார், நான்தான்."

இரண்டு பாதாம் பால் வந்தது. ஒன்று முதலாளிக்கு, ஒன்று பையனுக்கு.